கையில் பிடித்துப் பார்க்கும் இருதயம்

(எமது வானொலியின் உடல்நல உரைத்தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளின் இருதய நோய்கள் பற்றிச் சென்ற மாதம் பேசி முடித்ததும் ஒரு தாயார் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "எங்கட பிள்ளையின்ர இருதயம் எண்டு பிளாஸ்ரிக்கில செய்த ஒண்டைக் கொண்டுவந்து காட்டினவை. அது கடையில வாங்கிற பொம்மையோ, இல்லை உண்மையா இவன்ர இருதயம் மாதிரியே செய்ததோ எண்டு கேக்க எனக்கு வெக்கமா இருந்தது" என்றார். நிகழ்ச்சி நேரம் முடிந்துவிட்டதால் ஒரு வரியில்தான் பதில் சொன்னேன். அவருடைய கேள்வி ஒரு வரியில் முடிகிற கேள்வியல்ல. ஆகவே இந்த மாத உரை முழுவதும் அதைப் பற்றியதே.

வழமைபோல முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வைத்தியர் அல்ல. வைத்தியசாலைகளில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்புச் செய்பவள். வைத்தியர்கள் சொல்வதைத் தமிழில் சொல்லிச் சொல்லியே கொஞ்சம் கற்றுக்கொண்டவள். புரியாததைத் திரும்பக் கேட்பதற்கு நான் வெட்கப்படுவதில்லை. என்னிடம் இருக்கும் தகைமை அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு சிறுவர் வைத்தியசாலைக்கு என்னை அழைத்தார்கள். வன்னியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கைக்குழந்தைக்குப் பிறவியிலேயே இருதயத்தில் பெரிய கோளாறு. அதற்கு முன்னர் நடந்த இரண்டு சந்திப்புகளிலும் மொழிபெயர்த்தது யார் தெரியுமா? அந்தக் குழந்தையின் அக்கா, பதினொரு வயதுப் பிள்ளை. "ஹோல்" என்று வைத்தியர் சொல்ல, அவள் "ஓட்டை" என்றிருக்கிறாள். பிழை இல்லை. ஆனால் தாய் விளங்கிக்கொண்டது, ஓட்டை வாளியிலிருந்து தண்ணீர் ஒழுகுவதுபோல இருதயத்திலிருந்து இரத்தம் வெளியே நெஞ்சுக்குள் ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று. அதனால் பிள்ளையைத் தூக்கவே பயந்து, இரவில் நித்திரை கொள்ளாமல் தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். (இதை நான் இங்கே சொல்வது அந்தத் தாயின் சம்மதத்துடன்தான். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்.)

நான் போன அன்று சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு சிறு பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததைத் தாயின் உள்ளங்கையில் வைத்தார். மங்கலான மஞ்சள் நிறம், றப்பர் போல நெகிழும், நடுவில் வெட்டி இரண்டு பாதியாகத் திறக்கலாம். "இது உங்கள் மகனுடைய இருதயத்தின் அச்சு. ஸ்கானிலிருந்து செய்தது. அளவு மட்டும் பெரிதாக்கியிருக்கிறோம்" என்றார். தாய் அதைத் திறந்து, விரலை உள்ளே விட்டு, ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்குள் விரல் நுனி வெளிப்படுவதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, அப்ப ஓட்டை உள்ளுக்கோ? வெளியில ஒழுகேல்லையோ?" என்று கேட்டார். இரண்டு மாதமாக அவர் மனதிலிருந்த கேள்வி அன்றுதான் வெளியே வந்தது.

சரி, விடயத்துக்கு வருவோம்.

ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒன்று ஏதோவொரு இருதயக் குறையுடன் பிறக்கிறது. அவற்றில் மிகப் பல சிறியவை. சில தானாகவே மூடிக்கொள்ளும், சிலவற்றைக் கால் நாளத்தினூடாகக் குழாய் செலுத்தி அடைத்துவிடுவார்கள். இந்தக் குழந்தைகளுக்கு அச்சு மாதிரி எதுவும் தேவையில்லை, 'எக்கோ' எனப்படும் ஒலியலைப் படமே போதும். மாதிரி தேவைப்படுவது இருதயத்தின் அமைப்பே மாறிப் பிறந்த பிள்ளைகளுக்கு. ஒரு உதாரணத்தை மட்டும் எடுத்து ஆறுதலாகப் பார்ப்போம்.

எங்கள் இருதயத்தின் கீழ்ப்பகுதியில் இரண்டு அறைகள். பள்ளிக்கூடத்தில் வலது இதயவறை, இடது இதயவறை என்று படித்திருப்பீர்கள். வலதிலிருந்து புறப்படும் குழாய் இரத்தத்தைச் சுவாசப்பைக்குக் கொண்டுபோகும். இடதிலிருந்து புறப்படும் பெருநாடி, ஒட்சிசன் ஏறிய நல்ல இரத்தத்தை உடம்பு முழுவதற்கும் கொண்டுபோகும். சில குழந்தைகளுக்கு இந்த இரண்டு குழாய்களும் வலது அறையிலிருந்தே புறப்படுகின்றன. அப்படியானால் இடது அறைக்கு வந்த நல்ல இரத்தம் எங்கே போவது? இரண்டு அறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைதான் அதற்கு ஒரே வழி. கவனியுங்கள், இந்தப் பிள்ளையின் உயிரைப் பிடித்து வைத்திருப்பதே அந்த ஓட்டைதான். அதை வெறுமனே அடைத்தால் பிள்ளை இறந்துவிடும்.

அப்போது என்ன செய்வார்கள்? யாழ்ப்பாணத்துத் தோட்டத்தில் தண்ணீர் கட்டியவர்களுக்கு இது உடனே விளங்கும். கிணற்றடியிலிருந்து வருகிற தண்ணீர் வெங்காயப் பாத்திக்குப் போகவேண்டும், ஆனால் மற்றப் பக்கம் ஓடுகிறது. மண்வெட்டியால் ஒரு பக்கம் அணைத்து, ஒரு பக்கம் வெட்டி, வாய்க்காலை மாற்றிவிடுவோம் அல்லவா? அதுபோலத்தான். சுவரிலுள்ள ஓட்டையிலிருந்து பெருநாடியின் வாய்வரை, வலது அறைக்குள்ளேயே ஒரு மூடிய வாய்க்காலைத் தைத்து அமைப்பார்கள். இடது அறையின் நல்ல இரத்தம் அந்த வாய்க்காலால் நேரே பெருநாடிக்குப் போகும். மிச்ச இடத்தால் வலது அறையின் இரத்தம் சுவாசப்பைக்குப் போகும்.

சொல்ல எளிது. ஓட்டை பெருநாடிக்குக் கீழேயே இருந்தால் வாய்க்கால் குறுகியதாக, நேராக அமையும். ஓட்டை தூரத்தில் இருந்தால் வாய்க்கால் நீண்டு வளையும், வளர வளர ஒடுங்கும். நடுவில் வால்வைப் பிடித்து நிற்கும் நூல் போன்ற நார்கள் குறுக்கே நின்றால், வாய்க்கால் போட இடமே இருக்காது. அப்படியானால் வேறு வழி: இரண்டு அறையாகத் திருத்தும் எண்ணத்தைக் கைவிட்டு, ஒரே அறையின் பலத்தில் இருதயம் இயங்கும்படி, சில வருட இடைவெளிகளில் பல சத்திரசிகிச்சைகள் செய்வது. அந்தப் பிள்ளைகளும் வளர்கிறார்கள், படிக்கிறார்கள். ஆனால் அது வாழ்நாள் முழுவதும் கவனிக்கவேண்டிய ஏற்பாடு. காலப்போக்கில் ஈரல் முதலான மற்ற உறுப்புகளையும் அது பாதிக்கக்கூடும். ஆகவே "இந்தப் பிள்ளைக்கு வாய்க்கால் போடலாமா, முடியாதா?" என்பது சாதாரண கேள்வி அல்ல. ஒரு பிள்ளையின் வாழ்க்கை எந்தப் பாதையால் போகப்போகிறது என்பதே அதில் இருக்கிறது.

இதற்கு விடை சில மில்லிமீற்றர்களில் தங்கியிருக்கிறது. பிறந்த குழந்தையின் இருதயம் அதனுடைய மூடிய கைமுட்டி அளவுதான். அதற்குள் ஓட்டை எங்கே, எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, நார் எங்கே என்பதை வைத்தியர் தட்டையான படங்களை மாறி மாறிப் பார்த்து, மனதுக்குள் பொருத்திப் பொருத்தி உருவமாக்கவேண்டும். நெஞ்சைத் திறந்த பிறகு நேரில் பார்க்கலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். திறந்து, இரத்தத்தை இயந்திரத்துக்கு மாற்றி, இருதயத்தை நிறுத்தியபின், அது காற்றுப்போன பலூன் போலச் சுருங்கிக் கிடக்கும். இரத்தம் நிறைந்து துடிக்கும்போது இருந்த உருவம் அப்போது இருக்காது. அதோடு இருதயம் நிறுத்தப்பட்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அங்கே நின்று யோசிக்க நேரமில்லை.

முன்னர் சத்திரசிகிச்சை நிபுணர்கள் இதை எப்படிக் கற்றார்கள்? இறந்த குழந்தைகளின் இருதயங்களைப் பார்த்துத்தான். கனடாவில் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அருங்காட்சியகத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் மோட் அபொட் என்ற பெண் வைத்தியர். பெண் என்பதால் அதே மக்கிலின் மருத்துவ பீடத்தில் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை, வேறிடத்தில் படித்துத்தான் பட்டம் பெற்றார். போத்தல்களில் இருந்த இருதயங்களை வருடக்கணக்காக ஆராய்ந்து, ஆயிரம் நோயாளிகளின் விபரங்களை வைத்து 1936 இல் பிறவி இருதய நோய்களுக்கான படத்தொகுப்பு நூல் ஒன்றை வெளியிட்டார். சத்திரசிகிச்சை வளர்வதற்கு முன்னரே அதற்கான வரைபடத்தைப் போட்டுக் கொடுத்தவர் என்று சொல்லலாம். பின்னர் 1944 இல் அமெரிக்காவில் 'நீலக் குழந்தை' சத்திரசிகிச்சை, 1953 இல் இருதய-சுவாசப்பை இயந்திரம், 1963 இல் எங்கள் ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையில் வில்லியம் மஸ்ராட் செய்த புதிய முறை என்று வேலை வேகமாக முன்னேறியது.

ஆனால் போத்தல் இருதயங்களுக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. 1999 இல் இங்கிலாந்தில் ஒரு விசாரணையின்போது, லிவர்பூல் ஆல்டர் ஹே சிறுவர் வைத்தியசாலையில் பெருந்தொகையான குழந்தைகளின் இருதயங்கள் பெற்றோருக்குத் தெரியாமலே வைக்கப்பட்டிருந்தது வெளிவந்தது. மற்ற உறுப்புகளும்தான். 2001 இல் வந்த அறிக்கையைத் தொடர்ந்து 2004 இல் சட்டமே மாற்றப்பட்டது. பிள்ளையின் உடலைக்கூட முழுமையாகக் கையில் பெறாதவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அந்தப் பெற்றோரின் கோபத்தை நாங்கள் விளங்கிக்கொள்ள யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. பிளாஸ்ரிக் இருதயத்தை நான் வரவேற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் சி.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கான். இருதயம் ஓயாமல் அசைவதால், துடிப்போடு ஒத்திசைந்து, ஒரே கட்டத்தில் இருக்கும்போது படங்களை எடுப்பார்கள். சி.ரி. விரைவானது, ஆனால் கதிர்வீச்சு உண்டு. எம்.ஆர்.ஐ. இல் கதிர்வீச்சு இல்லை, ஆனால் நேரம் பிடிக்கும், சின்னப் பிள்ளைகளை மயக்கவேண்டி வரலாம். பாணைத் துண்டு துண்டாக வெட்டுவதுபோல, ஒரு மில்லிமீற்றர் அளவோ அதிலும் மெல்லியதோவான துண்டுப் படங்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும்.

அடுத்தது பொறுமையான வேலை. கணினித் திரையில் ஒவ்வொரு படத்திலும் "இது இருதயச் சுவர், இது இரத்தம், இது எலும்பு" என்று பிரித்து வர்ணம் தீட்டவேண்டும். மென்பொருள் உதவி செய்யும், ஆனால் சந்தேகமான இடத்தில் தீர்மானிப்பது மனிதக் கண்தான். இருதயத்தை நன்கு தெரிந்த ஒருவர் மணித்தியாலக் கணக்கில் இதில் இருப்பார். நான் அறிந்தவரை, மாதிரி நல்லதா கெட்டதா என்பது அச்சு இயந்திரத்தைவிட இந்த ஆளில்தான் அதிகம் தங்கியிருக்கிறது.

இதில் இரண்டு வகை மாதிரி உண்டு. புட்டுக் குழலை நினைத்துக்கொள்ளுங்கள். குழலுக்குள்ளிருந்து தள்ளி எடுத்த புட்டு, உள்ளே இருந்த வெளியின் உருவம். அதுபோல, இரத்தம் நிரம்பியிருக்கும் இடத்தை மட்டும் திடமாக அச்சிடுவது ஒரு வகை. குழாய்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று பார்க்க அது நல்லது. குழலையே அச்சிடுவது மற்ற வகை. சுவரும் உள்ளே வெற்றிடமும் இருக்கும், வெட்டித் திறந்து பார்க்கலாம், ஊசி நூலால் தைத்தும் பார்க்கலாம். அந்தத் தாயின் கையில் வைத்தது இந்த இரண்டாவது வகை.

பிறகு அச்சு. முப்பரிமாண அச்சு ஒன்றும் நேற்று வந்ததல்ல. திரவப் பசையை ஒளியால் படைபடையாக இறுகவைக்கும் முறைக்கு அமெரிக்கரான சக் ஹல் 1986 இல் காப்புரிமை பெற்றார். மலிவான இயந்திரங்கள் வேறு விதம். அவை இடியப்ப உரல் போல, உருகிய பிளாஸ்ரிக் இழையைப் பிழிந்து பிழிந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும். ஒரு இருதயத்துக்குப் பல மணித்தியாலம், சிலவேளை இரவு முழுவதும் எடுக்கும்.

2014 பெப்ரவரியில் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரில் நடந்ததைச் சொன்னால் இதன் பயன் தெரியும். பதினான்கு மாதக் குழந்தை, சிக்கலான இருதயம். சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்ள் ஓஸ்ரின் படங்களை மற்ற நிபுணர்களிடமும் காட்டினார், ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள். அவ்வூர்ப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் பிரிவு, குழந்தையின் இருதயத்தை உண்மை அளவிலும் பெரிதாக, நெகிழும் பொருளில், மூன்று துண்டாக அச்சிட்டுக் கொடுத்தது. ஏறத்தாழ 20 மணித்தியால வேலை, 600 டொலர் செலவு என்று அப்போது செய்திகளில் வந்தது. அதைத் திறந்து பார்த்தபின் எங்கே வெட்டுவது, எங்கே தைப்பது என்பது தெளிவாகிவிட்டது, தேடித் தேடி வெட்டவேண்டிய தேவை குறைந்தது என்பதே அவருடைய கருத்து. அந்தச் சத்திரசிகிச்சை வெற்றியளித்தது.

ஒரு சம்பவம் ஆதாரமாகாது என்பது எனக்கும் தெரியும். 2017 இல் ஸ்பெயினைச் சேர்ந்த இஸ்ரேல் வல்வேர்டே தலைமையில் பத்து நிலையங்கள் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டன. சிக்கலான இருதயமுள்ள 40 பேருக்கு முதலில் வழமையான படங்களைப் பார்த்துத் திட்டம் போட்டார்கள். பிறகு அச்சு மாதிரியைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். 19 பேருக்குத் திட்டம் மாறியது. 21 பேருக்கு மாறவில்லை. இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் செய்திகளில் வழமையாக ஒன்றைத்தான் சொல்வார்கள். திட்டம் மாறியது என்பதற்கு இப்படி ஆய்வுகள் இருக்கின்றன. மாதிரியால் இத்தனை உயிர் மேலதிகமாகக் காப்பாற்றப்பட்டது என்று காட்டுவது அதைவிடக் கடினம். இப்படியான பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு, ஒருவரின் இருதயம் மற்றவருடையதைப்போல இருப்பதில்லை. 2018 இல், நோய்நிலை அறியும் தேவைக்கான மாதிரிகளை அச்சிட உதவும் பெல்ஜிய நிறுவனமொன்றின் மென்பொருளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முதன்முறையாக அனுமதி வழங்கியது.

குறைகளும் உண்டு. வால்வின் இதழ்கள் வெங்காயத் தோல் போல மெல்லியவை, ஸ்கானில் சரியாகத் தெரியாது, ஆகவே அச்சிலும் சரியாக வராது. மாதிரி துடிக்காது. இரத்தத்தின் அமுக்கம், வேகம் எதையும் அது சொல்லாது. ஸ்கான் மங்கலாக இருந்தால் அச்சும் பிழைக்கும், ஆனால் பிளாஸ்ரிக்கில் வந்த பிழை உண்மை போலவே தோற்றமளிக்கும். அதனால் எந்த நிபுணரும் மாதிரியை மட்டும் நம்பிக் கத்தி எடுப்பதில்லை. அச்சிடாமல், திரையிலேயோ மெய்நிகர்க் கண்ணாடி போட்டோ முப்பரிமாணத்தில் பார்க்கும் இடங்களும் உண்டு. "அங்க அவைக்கு பிளாஸ்ரிக்கில செய்தவை, எங்களுக்குச் செய்யேல்லை" என்று மனம் நோகத் தேவையில்லை.

ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையின் பங்கை எங்கள் நேயர்கள் அறிந்திருக்கவேண்டும். அங்கு கதிரியக்கவியல் நிபுணரான ஷி-ஜூன் யூ, இருதய சத்திரசிகிச்சைப் பிரிவின் தலைவராக அப்போது இருந்த கிளென் வான் ஆர்ஸ்டெல் ஆகியோர், அச்சிட்ட இருதயங்களில் தைத்துப் பழகும் பயிற்சியை 2015 இலிருந்து உலகின் பல பாகத்து நிபுணர்களுக்கு வழங்கினார்கள். மேலே சொன்ன ஏர்ள் ஓஸ்ரினும் அதுபற்றிய ஆய்வுக்கட்டுரையில் பங்காளி. இளம் வைத்தியர் ஒருவர் இப்படியொரு அரிய இருதயத்தை நேரில் காண வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு பிள்ளையின் நெஞ்சில் கை வைக்குமுன் பத்துத் தரம் தைத்துப் பழகலாம். எந்தக் குடும்பத்தின் போத்தலும் அதற்குத் தேவையில்லை.

நான் சொன்ன அந்தக் குழந்தைக்கு வாய்க்கால் போட முடிந்தது. ஆனால் அன்று அந்த அறையில் நடந்த ஒரு விடயத்தையும் சொல்லவேண்டும். மாதிரியைக் கையில் எடுத்தபின் தாய் ஆறு கேள்வி கேட்டார். அதற்கு முந்திய இரண்டு சந்திப்புகளிலும் அவர் கேட்ட கேள்விகள் பூச்சியம் என்று தாதி என்னிடம் சொன்னார். ஆறில் ஒன்று, "இந்த வாய்க்கால் பிள்ளையோட சேர்ந்து வளருமோ?" என்பது. நிபுணர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அது வளராது, ஓட்டையின் ஓரமும் இருதயமும் வளரும், ஆகவே பின்னாளில் ஒடுங்குகிறதா என்று தொடர்ந்து பார்க்கவேண்டும், சிலருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்று விளக்கினார். கையொப்பமிடுமுன் தெரிந்திருக்க வேண்டிய விடயம் இது.

ஆகவே பெற்றோருக்கு. சந்திப்புக்குத் திகதி தரும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், பெரிய வைத்தியசாலைகளில் ஒழுங்கு செய்வார்கள், நேரில் இல்லாவிட்டால் தொலைபேசியிலாவது. வீட்டுப் பிள்ளைகளை அந்த வேலைக்கு இருத்தாதீர்கள். அந்தப் பதினொரு வயது அக்கா, தம்பி இறக்கக்கூடும் என்ற வசனத்தை முதலில் தானே கேட்டு, பிறகு தன் வாயாலேயே தாய்க்குச் சொன்னவள். மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் படம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். வெறுமனே "ஓம், ஓம்" என்று தலையாட்டாமல், வைத்தியர் சொன்னதை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். பிழையாக விளங்கியிருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். தொலைபேசி எடுத்த தாயாருக்கும் இதுதான் பதில்: அது கடைப் பொம்மை அல்ல, உங்கள் மகனுடையதேதான். சத்திரசிகிச்சை முடிந்தபின் அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். சில இடங்களில் கொடுக்கிறார்கள்.

அடுத்த மாத உரை, வளர்ந்தவர்களின் இரத்த அழுத்தம் பற்றியது. கேள்விகளை நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள், அல்லது நிகழ்ச்சி நேரத்தில் அழையுங்கள். வெட்கப்பட வேண்டாம்.